பூனை உள்ள வீட்டில் நத்தார்ச் சோடனை

மார்கழிக் கடைசியிலும் தை தொடக்கத்திலும் மிருக வைத்தியரான என்னிடம் வரும் பூனைகளைப் பார்த்தவுடனேயே நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில நத்தார் மரம் வைச்சிருக்கிறியளோ?" என்பதுதான். மற்ற மாதங்களில் பூனைகள் நாய் கடித்தோ மோட்டார் சைக்கிளில் அடிபட்டோ வரும். இந்த நாட்களில் வருபவை வாந்தி எடுத்து எடுத்துச் சோர்ந்து, வயிற்றில் கைவைத்தால் குறுகிக் கொண்டு வரும்.

வன்னியில் பூனையை வீட்டுக்குள் பூட்டி வளர்ப்பவர்கள் மிகக் குறைவு. நெல் மூட்டையைக் காக்கிறது, எலி பிடிக்கிறது, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் குசினி வாசலில் வந்து நிற்கிறது, அப்படித்தான் அதன் சீவியம். ஆனால் வடகீழ்ப் பருவமழை பிடித்து வளவெல்லாம் வெள்ளம் நிற்கத் தொடங்கினால் அதே பூனை நாள் முழுக்க உள்ளேயே கிடக்கும். வேட்டையும் இல்லை, வேலையும் இல்லை. சரியாக அந்த நேரத்தில்தான் நாங்கள் ஒரு சவுக்கங் கிளையைக் கொண்டுவந்து வாளி மணலில் நட்டு, அதில் மினுங்குகிற, ஆடுகிற, சரசரக்கிற சாமான்களை எல்லாம் பூனையின் முகத்துக்கு நேரே தொங்க விடுகிறோம். அது பாயாமல் என்ன செய்யும்?

முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து ஒரு அக்கா ஒருமுறை தன் பூனையைக் கூடைக்குள் வைத்துத் துவாயால் மூடிக் கொண்டு வந்தார். "டொக்டர், மூண்டு நாளாச் சாப்பிடேல்ல. முந்தநாள் பின்பக்கத்தால மினுங்கிற நூல் ஒண்டு வந்தது, இவர்தான் பிடிச்சு இழுத்தவர், பாதியில அறுந்து போச்சு" என்றார். மரத்தில் சுற்றும் சரிகை நாடாவைத்தான் நூல் என்றார். வயிற்றைத் திறந்தபோது குடல் பல இடங்களில் அறுபட்டு, உள்ளே எல்லாம் சீழ் பிடித்திருந்தது. அந்தப் பூனை பிழைக்கவில்லை. இழுத்த மனிதர் வாசலில் நின்று அழுதார். அவர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் இழுத்தார், யாராவது அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நூல் ஏன் இவ்வளவு பொல்லாதது என்று விளங்கப்படுத்துகிறேன். பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அரத்தாள் மாதிரி இருக்கும். அதிலுள்ள முட்கள் எல்லாம் தொண்டைப் பக்கம் பார்த்தே வளைந்திருக்கின்றன. ஒரு நூல் அதில் மாட்டினால் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். விழுங்கும்போது ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக் கொள்ளும், அல்லது இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் சிக்கிக் கொள்ளும். மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் தன் பாட்டுக்கு அதைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும், நூலோ நகராது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி எப்படிக் கொசுவிக் கொண்டு வருமோ, அப்படியே குடலும் நூலின் மேல் கொசுவிக் கொள்ளும். இறுகி நிற்கும் நூல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலை அறுத்து ஓட்டை போடும். இந்த நிலையில் வெளியே தெரியும் முனையை நீங்கள் பிடித்து இழுத்தால், அந்த அறுப்பை உங்கள் கையாலேயே செய்து முடிக்கிறீர்கள்.

ஆகவே வாயால் தெரிந்தாலும் சரி, பின்பக்கத்தால் தெரிந்தாலும் சரி, இழுக்கவே வேண்டாம். வெட்டவும் வேண்டாம். ஆமணக்கெண்ணெய், தேங்காயெண்ணெய், பால் எதையும் பருக்க வேண்டாம். முடிந்தால் வாயைத் திறந்து நாக்கின் அடியை மட்டும் பாருங்கள், அங்கே நூல் சுற்றியிருந்தால் வைத்தியரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். அதே கரையோரத்தில் இன்னொரு வீட்டில் அம்மம்மா ஒருவர் அப்படிப் பார்த்து, மரத்தில் பந்து கட்டிய தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) நாக்கடியில் சிக்கியிருப்பதைக் கண்டு, ஒன்றும் செய்யாமல் அன்றைக்கே பேத்தியிடம் கொடுத்து அனுப்பினார். சத்திரசிகிச்சை செய்தோம். குடல் இன்னும் அறுபடவில்லை. அந்தப் பூனை இப்போதும் உயிரோடு இருக்கிறது. தங்கூசி கடற்கரை வீடுகளில் எப்போதும் கைக்கெட்டும் சாமான், அதால் சோடனை கட்டுவது வழக்கம். தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தடித்த சணல் கயிற்றால் குட்டையாக இறுக்கிக் கட்டுங்கள்.

"ரெண்டு நாள் பார்ப்பம்" என்று காத்திருக்காதீர்கள். பூனை நோவைக் காட்டாது, அலுமாரிக்குக் கீழே போய் ஒளித்துக் கொள்ளும், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்புதல், எச்சில் வடிதல், இவை கண்டால் அன்றைக்கே கொண்டு வாருங்கள். எங்கள் பக்கத்தில் இரவில் எக்ஸ்றே எடுத்து வயிறு திறக்க இடம் தேடுவது இலேசில்லை. மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் இருப்பது பேராதனையில். கிளிநொச்சியிலிருந்து என்றால் ஏ9 வீதியில் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை எல்லாம் தாண்ட வேண்டும், அதுவும் மழைக்குள்.

இன்னொன்று. நோவுக்கென்று பனடோல் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. மனிதர் போடும் 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போகும், பல் முரசு மண்ணிறமாகும், முகமும் பாதமும் வீங்கும்.

மின்குமிழ் வயரைக் கடிப்பது பெரும்பாலும் குட்டிகள். வாயில் சுட்ட காயம் சின்னதாகத் தெரியும், குட்டியும் எழும்பி நடக்கும், ஆனால் சில மணித்தியாலங்கள் கழித்து, சிலவேளை அடுத்த நாள்கூட, நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு முட்டும். கடித்தது தெரிந்தால் முதலில் சுவிட்சை நிறுத்துங்கள், பிறகு பூனையைத் தொடுங்கள். படுக்கப் போகும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். நிலத்தோடு ஓடும் வயரை ஒரு பிவிசி குழாய்க்குள் விடலாம், செலவு பெரிதில்லை.

பூக்களில் நான் பயப்படுவது லில்லிக்கு. பூங்கொத்துகளில் வரும் உண்மையான லில்லியின் இதழ், இலை, மகரந்தம், சாடியில் நிற்கும் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை ஒன்றிரண்டு நாளில் செயலிழக்கச் செய்யும். பூனை உள்ள வீட்டுக்குள் அதை எடுக்கவே வேண்டாம். எங்கள் வேலியில் பூக்கும் கார்த்திகைப் பூ வேறு குடும்பம், அதன் நஞ்சு கொல்கிசின். கிழங்கில்தான் அது கூட, ஆனால் முழுச் செடியிலும் உண்டு, மனிதருக்கும் ஆபத்து. சிவப்பு இலை பொயின்செட்டியாவைப் பற்றித்தான் அளவுக்கு மிஞ்சிப் பயமுறுத்துகிறார்கள். அது வாயைக் கொஞ்சம் எரிக்கும், எச்சில் வடியும், பெரும்பாலும் அதோடு சரி.

மரத்தை வைக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அது எவ்வளவு சந்தோசம். சுவர் மூலையில், கதிரை மேசையிலிருந்து தள்ளி வையுங்கள், பூனை அவற்றில் ஏறித்தான் மரத்துக்குப் பாயும். உச்சியை ஒரு கயிற்றால் யன்னல் கம்பியோடு கட்டுங்கள். கீழே மூன்றடிக்கு ஒன்றும் தொங்கவிட வேண்டாம், கண்ணாடிப் பந்தை உச்சிக் கிளைகளில் மட்டும் கட்டுங்கள். சரிகை நாடாவை அடியோடு விட்டுவிடுங்கள், கடதாசிப் பூவும் பனையோலைப் பின்னலும் அதைவிட வடிவு. வாளி மணலைத் திறந்தபடி விட்டால் மழைக்கு வெளியே போக மனமில்லாத பூனை அதைத்தான் கழிப்பிடமாக்கும், மேலே கிறவல் கல் பரப்பினால் அந்தப் பிரச்சினை தீரும். பாலன் குடிலுக்குள் வைக்கோல் போட்டால் அதற்குள் போய்ப் படுக்கும், அதனால் அங்கே மெழுகுதிரி வேண்டாம். கார்த்திகை விளக்கீட்டுக்கு நிலத்தில் வைக்கும் சிட்டி விளக்குகளிலும் வால் பொசுங்கி வந்திருக்கிறது.

விரட்டுவதற்கென்று பூச்சி முட்டை (நப்தலீன் உருண்டை) வைப்பது, மண்ணெண்ணெய், டெற்றோல் தெளிப்பது எல்லாம் கூடாது. பூனை காலை நக்கும்போது அவ்வளவும் வயிற்றுக்குள் போகும். தோடம்பழத் தோலை மரத்தடியில் போட்டுப் பாருங்கள், அநேகமான பூனைகளுக்கு அந்த மணம் பிடிக்காது, காய்ந்ததும் மாற்ற வேண்டும். அடிப்பதாலும் பலனில்லை, நீங்கள் இல்லாத நேரம் பார்த்து ஏறும். மரத்துக்குத் தூரமாக ஒரு அட்டைப்பெட்டிக்குள் பழைய சீலையைப் போட்டு வையுங்கள், பின்னேரம் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் ஒரு துணிப்பந்தை உருட்டி விளையாட்டுக் காட்டுங்கள், முடிந்ததும் பந்தை எடுத்து வையுங்கள். ஓடிக் களைத்து, சாப்பிட்டு, படுத்த பூனை மரத்தைத் திரும்பியும் பார்க்காது.

மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்து மரத்தைக் கழற்றும் அன்று அறையை இரண்டு தரம் கூட்டுங்கள். கதிரைக்குக் கீழே கிடக்கும் ஒரு சாண் றிபன், பரிசுப் பெட்டியில் கட்டிய நூல், தங்கூசித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பையில் இறுக்கிக் கட்டியே குப்பையில் போடுங்கள். திறந்த குப்பையைக் கிளறப் பக்கத்து வீட்டுப் பூனையும் வரும்.