செஷன் காலாவதி ஆகவில்லை, தேடுகிற இடம்தான் தப்பு

இந்த மாதத்தில் இது மூன்றாவது புகார். "லாகின் ஆகிறது, ஆனால் அடுத்த பக்கமே மறுபடி லாகின் கேட்கிறது. எல்லோருக்கும் இல்லை, எல்லா நேரமும் இல்லை." என் முதல் கேள்வி இதுதான்: சமீபத்தில் ரெப்ளிகா டேட்டாபேஸ் (மூல டேட்டாபேஸைப் பார்த்துச் சற்றுப் பிந்தித் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் நகல்) சேர்த்தீர்களா? கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆமாம், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

மூன்று பேரும் ஜாங்கோ (பைத்தானில் வலைத்தளம் கட்டும் கருவித்தொகுப்பு). எந்த வேலை எந்த டேட்டாபேஸுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கோடுதான் ரவுட்டர், மூன்று பேருடையதும் ஒரே அச்சு: எழுதுவதெல்லாம் மூல டேட்டாபேஸான பிரைமரிக்கு, படிப்பதெல்லாம் இரண்டு ரெப்ளிகாக்களில் ஏதோ ஒன்றுக்கு. ஜாங்கோ ஆவணத்தின் மாதிரிக் கோடு அப்படியே. ரெப்ளிகா பின்தங்கினால் என்ன செய்வது என்பதற்கு இந்த அமைப்பில் தீர்வு இல்லை, இது வெறும் மாதிரிதான் என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் காப்பி அடிப்பதில்லை.

பிரச்சினை வந்ததும் எல்லோர் கையும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது: செஷன் குக்கீயின் ஆயுள். (யார் லாகின் செய்திருக்கிறார் என்று தளம் வைத்திருக்கும் பதிவு செஷன், அதை அடையாளம் காட்ட பிரௌசர் வைத்திருக்கும் துண்டு குக்கீ.) தயவுசெய்து கேளுங்கள். அதன் இயல்பான மதிப்பு 12,09,600 விநாடி, அதாவது இரண்டு வாரம். லாகின் ஆகி அரை விநாடியில் வெளியே தள்ளப்பட்ட ஒருவருக்கு இரண்டு வாரம் போதவில்லையா? ஒருவர் அதை ஒரு வருடமாக்கியிருந்தார். இன்னொருவர் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் செஷனைச் சேமிக்கச் சொல்லிவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் பிரைமரியில் ஒரு எழுத்துவேலை, அதனால் ரெப்ளிகா இன்னும் பின்தங்குகிறது, அதனால் இன்னும் பலர் வெளியே. ஆயுள் தீர்ந்து செஷன் போவது வேறு, டேட்டாபேஸில் இருக்கும் செஷன் வரியே (row) கண்ணில் படாமல் போவது வேறு. உங்களுக்கு நடப்பது இரண்டாவது.

குக்கீயில் இருப்பது 32 எழுத்துச் சாவி மட்டும். சரக்கு டேட்டாபேஸில். லாகின் ஆகும்போது பாதுகாப்புக்காக ஜாங்கோ சாவியை மாற்றிவிடும். புதுச் சாவி பிரைமரியில் பதிவாகிறது, பிரௌசர் அதை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கு ஓடி வருகிறது, ரவுட்டர் அதை ரெப்ளிகாவுக்கு அனுப்புகிறது. அந்த வரி இன்னும் அங்கே வந்து சேரவில்லை. சாவி செல்லாது என்று முடிவு கட்டும் ஜாங்கோ, காலி செஷனோடு குக்கீயையும் அழித்து அனுப்புகிறது. அடுத்த விநாடி வரி வந்து சேர்ந்தாலும் பயனில்லை, சாவி பயனர் கையில் இல்லை. பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தும் சரியாகாததற்குக் காரணம் இதுதான்.

"டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆனதே!" ஆகும். டெஸ்ட் செட்டிங்ஸில் ரெப்ளிகாவை பிரைமரியின் கண்ணாடியாக வைத்திருக்கிறீர்கள், இரண்டும் ஒரே கனெக்ஷன். தாமதம் எங்கிருந்து தெரியும்?

செய்ய வேண்டியது சின்ன வேலை. செஷனுக்கென்று தனி ரவுட்டர் எழுதி, படிப்பதையும் எழுதுவதையும் ஒரே டேட்டாபேஸுக்கு அனுப்புங்கள். ரவுட்டர் பட்டியலில் அதை முதலில் வையுங்கள். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் சொல்வதே சட்டம், கடைசியில் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று எனக்குப் போன் போடாதீர்கள். செஷன் டேபிளைத் தனி டேட்டாபேஸுக்கே நகர்த்துவதும் நல்ல யோசனைதான், பயனர் டேபிளோடு அதற்கு ஃபாரின் கீ (டேபிள்களைப் பிணைக்கும் இணைப்பு) கிடையாது. ஆனால் டேபிள்களை உருவாக்கும் மைக்ரேட் கட்டளை ஒரு தடவைக்கு ஒரு டேட்டாபேஸைத்தான் தொடும், புதியதன் பெயரைச் சொல்லித் தனியாக ஓட்டுங்கள். பழைய வரிகளை நகர்த்தாமல் மாற்றினால் எல்லோரும் ஒரே நேரத்தில் லாக் அவுட் ஆவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேஷையும் (cache, தற்காலிக வேகச் சேமிப்பு) டேட்டாபேஸையும் சேர்த்துப் பயன்படுத்தும் செஷன் என்ஜினுக்கு மாறினால் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும், கேஷ் எல்லா வொர்க்கருக்கும் (ரிக்வெஸ்ட்டுகளைக் கவனிக்கும் தனித்தனி ப்ராசஸ்கள்) பொதுவாக இருந்தால். ஒன்றும் அமைக்காமல் விட்டால் ஜாங்கோ தருவது ப்ராசஸுக்கு ஒன்றாக லோக்கல் மெமரி கேஷ். வேறு வொர்க்கரிடம் போனால் பழைய குருடி கதவைத் திறடி.

அந்த ஒரு வருடக்காரருக்கு ஒரு வேண்டுகோள். ஆயுளை இரண்டு வாரத்துக்குத் திருப்பிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். காலாவதித் தேதி ஒவ்வொரு வரியிலும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, செட்டிங் மாறியதால் அது மாறாது. காலாவதியானதைத் துடைக்கும் கட்டளையும் அவற்றைத் தொடாது. திருடுபோன குக்கீ ஒன்று இருந்தால் அடுத்த வருடம் வரை கதவு திறக்கும். அந்த வரிகளை இன்றே கையால் அழித்துவிடுங்கள்.