பஸ்ஸில் உட்கார்ந்தே நடந்த கணக்கு

“செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு பஸ்ஸில் உட்கார்ந்துதான் போனேன். இறங்கிப் பார்த்தால் 400 காலடி நடந்ததாக மொபைல் காட்டுகிறது. இதை நம்பி எப்படித் தினமும் நடப்பது?” என்று புளியரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்.

மொபைலுக்குக் கால் தெரியாது, குலுக்கல்தான் தெரியும். அதை உணர்வது முடுக்கமானி (accelerometer) என்ற சிறு சில்லு. அதன் உள்ளே சிலிக்கானில் செதுக்கிய ஒரு துணுக்கு, அதே சிலிக்கானில் செதுக்கிய மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. துணுக்கின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போல நீட்டல்கள். அசையாத இன்னொரு சீப்பின் பற்கள் அவற்றுக்கு நடுவே, தொடாமல் நுழைந்திருக்கும். இடைவெளி ஓரிரு மைக்ரோமீட்டர். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரோமீட்டர் தடிமன். நீங்கள் காலை ஊன்றினால் மொபைல் குலுங்கும், துணுக்கு நிலைமத்தால் சற்றுப் பின்தங்கும். ஒரு பக்கம் பற்கள் நெருங்கும், மறுபக்கம் விலகும், பற்களிடையே மின்னூட்டத்தைத் தேக்கும் அளவான மின்தேக்குத்திறன் மாறும். நகர்ந்தது நானோமீட்டர் கணக்கில்தான், அதையும் மின்சுற்று பிடித்துவிடுகிறது! 1990களில் காரின் ஏர்பேக்குக்காகச் சந்தைக்கு வந்த நுட்பம் இது.

அப்புறம் மென்பொருளின் வேலை. நம் நடை நொடிக்கு ஏறக்குறைய 2 காலடி. அந்தத் தாளம் விடாமல் சில தடவை வந்தால் நடை என்று முடிவுகட்டும். எஞ்சின் அதிர்வு மிக வேகமானது, அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறும் பஸ், தன் ஸ்பிரிங் மேல் ஆடுவது நொடிக்கு 1 முதல் 2 தடவை. மலைப்பாதையில் மொபைல் ஏமாறுவது இங்கேதான்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு, அதுதான் எனக்கு எரிச்சல். 2017இல் 7 லட்சம் பேருக்கு மேல் மொபைல் கணக்கை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பல நாடுகளில் பெண்கள் குறைவாக நடக்கிறார்களாம். நம் ஊரில் புடவைக்கும் நைட்டிக்கும் பாக்கெட் ஏது? அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் அலைபவரின் மொபைல் ஃப்ரிட்ஜ் மேல் சும்மா கிடக்கும். இதைச் சரிபார்க்கவும் யாராவது பணம் ஒதுக்கலாம்.

சரி, பயன் உண்டா? உண்டு. பிழை தினமும் ஒரே மாதிரி இருந்தால் போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடலாம். பஸ் ஏறிய நாளை மட்டும் விட்டுவிடுங்கள். 10,000 அடி என்ற இலக்குக்குப் பயப்பட வேண்டாம். அது 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. வயதான அமெரிக்கப் பெண்களிடம் 2019இல் வெளியான ஆய்வில், சுமார் 7,500 அடிக்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை.

21 நாளில் பழக்கம் படியும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை எண் ஜோதிடத்தோடு சேர்த்துவிடலாம். லண்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் பழக்கம் படிய நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. சபரிமலைக்கு மாலை போட்ட விரதம் போல இதில் இடையில் முறியக்கூடாது என்றும் இல்லை. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் அந்த ஆய்வில் தெரியவில்லை. புளியரையில் சாரல் பலமாக அடிக்கும் அன்று வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.