எலிப்பாசாணம் வாங்குமுன்: சட்டமும் வளவும்

இலங்கைச் சட்டத்தில் எலிப்பாசாணமும் ஒரு பீடைகொல்லிதான். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பேராதனையிலுள்ள பீடைகொல்லிகள் பதிவாளரிடம் பதியாத எதையும் இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது. விற்கும் கடைக்கும் அனுமதி வேண்டும். லேபலில் மருந்தின் பெயரும் பாவிக்கும் முறையும் தமிழிலும் இருக்க வேண்டும். ஆகவே தாளில் சுற்றித் தரும் பெயரில்லாத தூளை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாவிட்டால் வைத்தியரும் திண்டாடுவார்.

லேபலில் மருந்தின் வகையைப் பாருங்கள். சிங்க் பொஸ்பைட் வயிற்று அமிலத்தில் பொஸ்பீன் வாயுவாகி விரைவில் கொல்லும். அதற்கு மாற்று மருந்தே இல்லை. புரோடிபகூம், புரோமடியோலோன் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அதைத் தின்ற எலி சாகப் பல நாள் எடுக்கும். அதுவரை தளர்ந்துபோய் வெளியில் திரியும். கூகைக்கும் சாரைப்பாம்புக்கும் செண்பகத்துக்கும் லேசாக அகப்படுவது அந்த எலிதான்! புரோடிபகூம் ஈரலில் மாதக்கணக்கில் தங்குவதால், கூகை அடுத்தடுத்துத் தின்னும் எலிகளின் நஞ்சு அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகும். கூகை இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை. வலிகாமத்துத் தோட்டங்களிலும் தென்மராட்சி வயல்களிலும் இரவிரவாகச் சம்பளமில்லாமல் எலி பிடிப்பதும் அதுதான். அதைச் சாகவிட்டால் அடுத்த போகத்தில் எலி இன்னும் கூடும். இந்த ஆபத்துக்காகவே அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2008இல் புரோடிபகூம் போன்ற இந்தக் கடும் வகையை வீட்டுப் பாவனைப் பொதிகளிலிருந்து நீக்க முடிவெடுத்தது.

வீட்டுக்குள் என்றால் முதலில் எலிப்பொறி வையுங்கள், அரிசி மூட்டையையும் கோழித்தீனையும் மூடி வையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். மருந்துதான் வேண்டுமென்றால், எலி மட்டும் நுழையக்கூடிய மூடிய பெட்டிக்குள், சுவரோரமாக வையுங்கள். வேலியோரத்தில் வெறுமனே எறியக் கூடாது. ஒவ்வொரு காலையும் செத்த எலியைத் தேடி, கையுறை போட்டெடுத்து, கிணற்றிலிருந்து தூரமாக, ஆழமாகப் புதையுங்கள். எலி நின்றதும் மிச்ச இரையை அள்ளி எடுத்துவிட வேண்டும், இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வயலுக்கு எது சரி என்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பிள்ளை வாயில் வைத்துவிட்டால், நல்லாய்த்தானே இருக்குது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, பொதியோடு ஆசுபத்திரிக்குப் போங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை என்றால் அறிகுறி தெரியச் சில நாள் பிந்தும். இந்த வகையை நாய் தின்றாலும் அப்படித்தான். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும்.