சொத்துச் சேத வழக்கு: எந்தச் சட்டம், என்ன தண்டனை, எப்படி எதிர்கொள்வது

சொத்தைச் சேதப்படுத்தியதாகக் கூறி உங்கள் வீட்டில் ஒருவரைப் பொலிஸார் அழைத்துச் சென்றால், எந்தச் சட்டத்தின் கீழ் அவர் மீது முறைப்பாடு பதியப்பட்டுள்ளது என்பதையே முதலில் கேட்டறிய வேண்டும். பிணை கிடைக்குமா, சமாதானமாக முடிக்கலாமா, எத்தனை காலம் சிறைவாசம் நேரலாம் என்பவை அனைத்தும் அந்த ஒரு விடையைப் பொறுத்தே அமைகின்றன.

இலங்கையில் தனியார் சொத்துக்கு நேர்ந்த சேதம் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வரும். பிறருக்கு நட்டம் விளைவிக்கும் எண்ணத்தோடு, அல்லது நட்டம் விளையக்கூடும் என்று அறிந்துகொண்டே, ஒரு பொருளை அழிப்பதையும் அதன் பெறுமதியைக் குறைப்பதையும் 408 ஆம் பிரிவு குற்றமாக வரையறுக்கிறது. மதிலை இடிப்பது மட்டுமல்ல, அயலவரின் பயிரை அழிக்கும் எண்ணத்தோடு மாடுகளை வயலுக்குள் விடுவதும் இதில் அடங்கும். இதற்குரிய தண்டனை மூன்று மாதம் வரையான சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் ஆகும். சேதம் 50 ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் 410 ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனை இரண்டு ஆண்டு வரை உயரும். 50 ரூபாய் என்ற இந்த எல்லை மிகப் பழையது என்பதால், இன்று ஏறத்தாழ எல்லாச் சேதமும் அதைத் தாண்டிவிடுகிறது. தீ வைத்துச் சேதம் விளைவிப்பதற்கும், குளக்கட்டையோ வாய்க்காலையோ உடைத்து விவசாயத்துக்குரிய நீரைக் குறைப்பதற்கும் இதனினும் கடுமையான தனிப் பிரிவுகள் உண்டு.

பொதுச் சொத்து என்றால் நிலைமை முற்றாக மாறுகிறது. 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் தொடர்பான தவறுகள் சட்டத்தின்படி, குற்றவாளியாகக் காணப்படுபவருக்கு ஓராண்டுக்குக் குறையாமலும் இருபது ஆண்டுக்கு மேற்படாமலும் சிறைத்தண்டனையும், அதோடு ஆயிரம் ரூபாய் அல்லது சொத்தின் பெறுமதியைப் போல் மூன்று மடங்கு, இவற்றில் எது கூடியதோ அந்தத் தொகை அபராதமும் விதிக்கப்படும். பாடசாலைக் கதவு, இலங்கைப் போக்குவரத்துச் சபைப் (இ.போ.ச.) பேருந்தின் கண்ணாடி, வனஜீவராசிகள் திணைக்களத்தின் யானை வேலி ஆகியவை பொதுச் சொத்து என்பது எவருக்கும் விளங்கும். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தின் சொத்தும் இச்சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது என்பதை ஊரில் பலர் அறிவதில்லை. சங்கக் கடையில் நடந்த வாக்குவாதத்தில் ஒரு யன்னலை உடைத்த இளைஞர், பக்கத்து வீட்டு யன்னலை உடைத்தவரைவிட மிகப் பெரிய ஆபத்தில் நிற்கிறார்.

பிணையும் இங்கேதான் சிக்கலாகிறது. 1997 ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தின்படி பிணை வழங்குவதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு. ஆனால் பொதுச் சொத்து வழக்கில், சேதத்தின் பெறுமதி சட்டம் குறித்த தொகையை மீறுகிறது என உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ சான்றளித்தால், விதிவிலக்கான காரணங்கள் காட்டப்பட்டாலன்றி நீதவான் பிணை வழங்க மாட்டார். ஆகவே அந்த மதிப்பீட்டை யார் செய்தார், எதன் அடிப்படையில் செய்தார், பழைய பொருளுக்குப் புதிய பொருளின் விலை போடப்பட்டுள்ளதா என்பதை உங்கள் சட்டத்தரணி முதல் நாளிலேயே கேட்க வேண்டும். தொல்லியல் சின்னங்களுக்குரிய கட்டளைச் சட்டமும் கடுமையானதே. 2024 மார்ச் 8 ஆம் திகதி சிவராத்திரியன்று, தொல்லியல் இடம் எனக் கூறப்படும் வவுனியா வடக்கின் கோயில் மலையான வெடுக்குநாறிமலையில் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்ட எட்டுப் பேரை வவுனியா நீதவான் நீதிமன்றம் மார்ச் 19 ஆம் திகதி விடுவித்தது. விடுதலை கிடைத்தது உண்மைதான். ஆனால் அத்தனை நாளும் அவர்கள் உள்ளே இருக்க வேண்டியிருந்தது.

எதிர்வாதங்களுள் முதன்மையானது எண்ணம் பற்றியது. சேதம் நடந்தது என்பதை மட்டும் நிறுவினால் போதாது. எண்ணமோ அறிவோ இருந்தது என்பதையும் வழக்குத் தொடுநர் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். உழவு இயந்திரம் சறுக்கி மதகில் மோதியது போன்ற விபத்தைத் தண்டனைச் சட்டக்கோவையின் 73 ஆம் பிரிவு குற்றத்திலிருந்து விலக்குகிறது, செய்த செயல் சட்டபூர்வமானதாகவும் உரிய கவனத்துடன் செய்யப்பட்டதாகவும் இருந்தால். பெரிய தீங்கைத் தவிர்க்க நல்நோக்கத்துடன் சிறிய தீங்கு செய்தவருக்கு 74 ஆம் பிரிவு துணை நிற்கும். எனினும் வெள்ளக் காலத்தில் குளக்கட்டைத் தாமாக வெட்டியவர்கள் இதை எளிதாக நம்பிவிடக் கூடாது. ஆபத்து உடனடியானது, வேறு வழி இருக்கவில்லை என்பதைக் காட்ட வேண்டியிருக்கும்.

வன்னியில் அடிக்கடி எழுவது காணி சார்ந்த வழக்கு. தன் காணி என்று நேர்மையாக நம்பி ஒருவர் வேலியை அகற்றினால், பிறருக்கு முறையற்ற நட்டம் விளைவிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்று வாதிடலாம். அந்த நம்பிக்கைக்குக் காணி அனுமதிப்பத்திரம், உறுதி, வரி செலுத்திய பற்றுச்சீட்டு, பிரதேச செயலகத்துக்கு முன்னர் எழுதிய கடிதம் ஆகியவையே சான்று. இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதிகளை இப்போதே கேட்டு வாங்கி வைப்பது நல்லது. ஆனால் அரச அதிகாரிகள் நாட்டிய எல்லைக்கல்லைப் பிடுங்குவது தனிக் குற்றம் என்பதால், காணி உங்களுடையதாகவே இருந்தாலும் கல்லில் கை வைக்காமல் எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள்.

பிள்ளைகள் விடயத்தில், 2018 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் 12 வயதுக்குட்பட்டவர் செய்த எதுவும் குற்றமாகாது. 12 முதல் 14 வரையான வயதினரின் முதிர்ச்சியை நீதவான் கருத்திற் கொள்வார்.

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைத் தமிழில் பதியுமாறு கேளுங்கள். வாசித்து விளங்காத எதிலும் கையொப்பமிட வேண்டாம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் சான்றாகப் பயன்படுத்த முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே அடித்தோ அச்சுறுத்தியோ ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டிருந்தால் அதை முதல் தடவையிலேயே நீதவானிடம் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புமாறு கேட்க வேண்டும். பிடியாணையின்றிக் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தியாக வேண்டும்.

அயலவர்களுக்கிடையிலான சிறு சேதமாயின் மத்தியஸ்த சபையில் நட்ட ஈடு பேசித் தீர்க்கலாம். நீதிமன்றத்துக்கு வந்த பின்னரும் பாதிக்கப்பட்டவர் இணங்கினால் சமாதானமாக முடிக்க இடமுண்டு. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குத் தேசிய அடையாள அட்டையையும் வருமானத்தை உறுதிப்படுத்தும் கிராம அலுவலரின் கடிதத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும்.