இரவு பட்டினி கிடந்தும் காலையில் 108

அந்தக் கர்ப்பிணி நீட்டிய நோட்டைப் பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. பதினான்கு நாட்களின் காலைச் சர்க்கரை அளவு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தது: 91, 90, 92, 91, 93. எல்லாம் ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதிய கை. உண்மையான நோட்டு அப்படி இருக்காது. ஒரு நாள் பென்சிலில் இருக்கும், ஒரு நாள் விட்டுப்போயிருக்கும், நடுவில் ஒரு சாம்பார்க் கறையாவது இருக்கும்.

"கருவியையும் கொண்டு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிப் பையிலிருந்து எடுத்தார். குளுக்கோமீட்டருக்கு ஞாபக சக்தி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பொத்தானை அழுத்திப் பின்னோக்கிப் போனேன். 108, 111, 104, 113. அவர் அழத் தொடங்கிவிட்டார்.

"ராத்திரி ஒன்றுமே சாப்பிடுவதில்லை அக்கா. ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். அப்படியும் ஏறுகிறது. இன்சுலின் போடச் சொல்லிவிடுவார்களே என்றுதான் மாற்றி எழுதினேன்."

மும்பை செம்பூரில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, முலுண்ட் என்று பல பக்கங்களிலிருந்தும் தமிழ்ப் பெண்கள் வருகிறார்கள். கர்ப்ப காலச் சர்க்கரை உள்ளவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: சாப்பிட்டபின் ஏறினால் புரிகிறது, தூங்கி எழுந்தால் எப்படி ஏறும்?

கல்லீரல் தூங்குவதில்லை. அதிகாலை மூன்று மணிவாக்கில் உடம்பு விழிப்பதற்கு ஆயத்தமாகத் தொடங்குகிறது. கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடுகின்றன. கல்லீரல் குளுக்கோஸை எடுத்து ரத்தத்தில் விடுகிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். மற்றவர்களுக்குக் கணையம் ஈடாக இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிடும். கர்ப்பிணிக்கோ நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. 24 வாரத்துக்கு மேல் இந்தத் தடை கூடிக்கொண்டே போகும். 'போதும், நிறுத்து' என்று இன்சுலின் சொல்வது கல்லீரலின் காதில் சரியாக விழுவதில்லை. அதனால் காலை அளவில் பெரும்பங்கு கல்லீரலுடையது. நேற்று இரவு தின்ற அரை இட்லிக்கு அதில் பங்கு குறைவு.

பட்டினி கிடப்பதால் இந்தக் கதை மாறாது. சாப்பாடு வராதபோது உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், கீட்டோன் உண்டாகும். கர்ப்ப காலத்தில் இது மற்றவர்களைவிட விரைவாக நடக்கும். நோட்டை மாற்றி எழுதியவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தபோது கீட்டோன் இருந்தது. எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. கையில் வளைகாப்பு வளையல்கள் புதிதாக இருந்தன. 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை, அதை ஒட்டியே ஏழாம் மாத வளைகாப்பு. நம் வீடுகளில் இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் வருகின்றன. வளைகாப்புக்கு மறுநாள் காலை 112 காட்டியிருக்கிறது. சர்க்கரைப் பொங்கல் செய்த வேலை என்று நினைத்து அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். மாமியார் கவலைப்பட்டு மதியத்தில் இருவருக்கான சோற்றைப் போட்டிருக்கிறார். நல்ல மனசுதான், ஆனால் இரண்டு பக்கமும் கெட்டது.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ். சாப்பிடத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ் அல்லது இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். கர்ப்பம் இல்லாதவருக்கு வெறும் வயிற்றில் 99 வரை இயல்பு என்கிறோம். கர்ப்பிணிக்கு அந்த அளவு இயற்கையாகவே சற்று இறங்கியிருக்கும், அதனால்தான் வரம்பையும் கீழே வைத்திருக்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்க நம் நாட்டில், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொடுகிறதா என்று பார்க்கும் எளிய முறை உண்டு. வெறும் வயிற்றோடு மருத்துவமனைக்கு வரமுடியாத பெண்களுக்கு இது பெரிய உதவி. இதற்காகப் பாடுபட்டவர் சென்னையின் டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்ப காலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறோம்.

காலை அளவு கூடியிருக்கிறது என்று யாராவது வந்தால், உணவைப் பற்றிப் பேசுமுன் நான் கேட்பது, எழுந்ததிலிருந்து ஊசி குத்தும் வரை என்னென்ன செய்தீர்கள் என்பதுதான். முலுண்டிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: ஐந்து மணிக்கு எழுகிறார். குக்கர் வைக்கிறார். 7.10 லோக்கல் ரயிலைப் பிடிக்கும் கணவருக்கு டப்பா கட்டுகிறார். அவருக்குக் காபி கலக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, வீட்டைப் பெருக்கி, எட்டரை மணிக்கு உட்கார்ந்து விரலில் குத்துகிறார். அளவு 121. கைகளைக் கழுவினீர்களா என்றேன். முந்தானையில் துடைத்தேன் என்றார். காபிக்குப் போட்ட சர்க்கரை விரல் நுனியில் ஒட்டியிருந்தால் போதும், துளி ரத்தத்தில் கலந்து எண் எகிறிவிடும். மாம்பழக் காலத்தில் இந்தக் கூத்தை நிறையப் பார்க்கிறேன். எழுந்தவுடன், சமையலறைக்குள் போகுமுன், சோப்புப் போட்டுக் கைகழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பாருங்கள் என்று அனுப்பினேன். அடுத்த வாரம் 98, 96, 99. இன்னும் கூடுதல்தான், ஆனால் 121-க்குச் செய்யும் வைத்தியம் வேறு, 98-க்குச் செய்வது வேறு.

இன்னொன்று, ஜூன் வந்துவிட்டால் மும்பைக் காற்றில் உப்பும் கசிந்துவிடும். பரிசோதனைப் பட்டைகளுக்கும் ஈரம் ஆகாது. டப்பியைத் திறந்து வைக்காதீர்கள், சமையல் மேடையில் வைக்காதீர்கள்.

அடுத்தது இரவுச் சாப்பாடு. இங்கேதான் எனக்குக் கோபம் வரும். கணவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையப் பத்து மணி. "அவர் வரட்டும் என்று காத்திருப்பேன்" என்று சொல்லும் பெண்ணின் வயிற்றில் ஏழு மாதக் குழந்தை. பத்தரைக்குச் சாம்பார் சோறும் ரசச் சோறும், பதினொன்றுக்குப் படுக்கை. நான் சொல்வது இது: நீங்கள் எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். பிறகு கால் மணி நேரம் நடங்கள். கட்டடத்தின் கீழே இடமில்லையென்றால் சால் எனப்படும் வரிசை வீடுகளின் பொது வராந்தாவே போதும். பத்து மணிக்கு அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருங்கள். அப்போது சர்க்கரை போடாத ஒரு சிறு டம்ளர் பாலும் ஒரு பிடி வேர்க்கடலையும், அல்லது அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், அல்லது கொஞ்சம் பன்னீர். சேர்ந்து சாப்பிட்ட திருப்தியும் கிடைக்கும், இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவே பதினோரு மணி நேரம் காலியாகவும் இருக்காது.

படுக்கும்முன் தின்னும் இந்தச் சிற்றுண்டி எல்லோருக்கும் பலன் தருவதில்லை. நான்கைந்து நாள் செய்து பாருங்கள்; எண் இறங்கினால் தொடருங்கள், ஏறினால் அளவைக் குறைக்கவோ விடவோ சொல்வேன். பிஸ்கட், வாழைப்பழம், 'சர்க்கரைக்காரர்களுக்கான' ரஸ்க் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. கேழ்வரகுக் கஞ்சியும்தான். கேழ்வரகு என்றாலே மருந்து என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அதைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் மளமளவென்று சீரணமாகிச் சர்க்கரையாகிவிடும். ரொட்டியாகத் தட்டிக் கீரையோடும் பருப்போடும் சாப்பிடுவது மேல். மும்பைக்கு வந்தபின் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் எண்ணிக்கையைக் கேட்பேன். "நான்கு, சில நாள் ஐந்து" என்பார்கள். அளவு கூடினால் சப்பாத்தியும் சோறு மாதிரிதான்.

தூக்கமும் இதில் சேரும். இரவு முழுக்கப் புரண்டு படுத்தால் மறுநாள் எண்ணில் அது தெரியும்.

இவ்வளவும் செய்து ஒன்றிரண்டு வாரமாகியும் காலையில் 95-க்கு மேலேயே நின்றால்? சாப்பாட்டுக்குப் பின் வரும் எண்ணை உணவாலும் நடையாலும் பெரும்பாலும் பிடித்துவிடலாம். காலை எண் பிடிவாதம் கூடியது. அதற்கு மருந்து தேவைப்படுவது உங்கள் தோல்வி அல்ல. சிலருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, சிலருக்குப் படுக்கும்முன் இன்சுலின். எது, எவ்வளவு என்பது மருத்துவரின் முடிவு. இரவில் போடுவதற்குப் பெரும்பாலும் எழுதுவது பால்போலக் கலங்கலாக இருக்கும் என்.பி.எச். வகை. சில மணி நேரம் கழித்தே உச்சத்துக்கு வரும். இரவு பத்து மணிக்குப் போட்டால், கல்லீரல் வேலையைத் தொடங்கும் நேரத்துக்கு அதுவும் வந்து நிற்கும். போடுமுன் உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. வியர்வை, நடுக்கம் வந்து அளவு 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள்.

குழந்தைக்கு ஊசி மருந்து போகுமே என்ற பயத்துக்கும் பதில் உண்டு. நாம் போட்டுக்கொள்ளும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டுவது இல்லை என்றே சொல்லலாம். தாண்டுவது குளுக்கோஸ். தாயிடமிருந்து கூடுதலாக வரும் குளுக்கோஸுக்கு ஈடுகொடுக்கக் குழந்தையின் கணையம் அதிக இன்சுலினைச் சுரக்கிறது; குழந்தை அளவுக்கு மீறிக் கொழுக்கிறது; பிறந்து கொடி அறுந்ததும் அதன் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. நோட்டில் 91 என்று எழுதுவதால் குழந்தைக்குப் போகும் 108 குறையாது. அந்தப் பெண்ணிடம் இதை இப்படியேதான் சொன்னேன். அன்றிரவே ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினார்; பத்து நாள் கழித்து இன்சுலினும் தொடங்க வேண்டியிருந்தது. புது நோட்டில் ஒரு நாள் 103, பக்கத்தில் பென்சிலால் 'இரவு கரண்ட் இல்லை, தூக்கமில்லை' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால் அன்று மருந்தைக் கூட்டாமல் இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார் மருத்துவர்.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அநேகருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். அத்தோடு எங்களையும் மறந்துவிடுகிறார்கள். ஆறாவது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து மறுபடி பார்க்க வேண்டும். கர்ப்ப காலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். குழந்தையை விட்டுவிட்டு வர முடியவில்லை என்றால் தூக்கிக்கொண்டே வாருங்கள், தாய்ப்பால் கொடுக்கலாம். மாற்றுத் துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.