நுரையீரலுக்கு வலி தெரியாது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் ஒருவர் மாதக்கணக்கில் இருமினால், சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரரே நோயைச் சொல்லிவிடுவார்: "டிபியா இருக்கும், சளியக் கொடுத்துப் பாருங்கண்ணே." தப்பான யோசனை இல்லை. காசநோய் இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஆனால் சோதனையில் டிபி இல்லை என்று வந்ததுமே எல்லோருக்கும் நிம்மதி. இருமல் ஏன் போகவில்லை, நுரையீரல் புற்றுநோயாக இருக்குமோ என்று யாரும் கேட்பதில்லை.

நுரையீரல் புற்றுநோய் தாமதமாகப் பிடிபட உடலமைப்பே பாதிக் காரணம். நுரையீரலின் உட்பகுதியில் வலி உணரும் நரம்புகள் கிடையாது. விலா எலும்பை ஒட்டிய வெளியுறைக்குத்தான் வலி தெரியும். கட்டி அதுவரை பரவாவிட்டால் பெரும்பாலும் நெஞ்சு வலிக்காது. ஒரு செல் இரண்டாக, இரண்டு நான்காக, ஏறத்தாழ 30 முறை இரட்டித்தால்தான் ஒரு சென்டிமீட்டர் கட்டி. அதற்குள் சுமார் 100 கோடி செல்கள் சேர்ந்துவிடும். அந்த அளவுக் கட்டியும் இதயத்தின் நிழலிலோ விலா எலும்பின் பின்னாலோ இருந்தால் எக்ஸ்ரேயில் தப்பிவிடும். சிடி ஸ்கேனுக்கு ஈப்போ போகச் சொன்னால் அலுத்துக்கொள்ளாமல் போய்விடுங்கள்.

இன்னொரு அறிகுறி, குரல் கம்முவது. இடது குரல்நாணை அசைக்கும் நரம்பு நேராகத் தொண்டைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவின் அடியில் சுற்றி, மறுபடி மேலே ஏறுகிறது. அந்த வளைவருகே கட்டியோ வீங்கிய நிணநீர்க் கணுவோ நரம்பை அழுத்தினால் குரல் உடைந்துவிடும். நாமோ சளி கட்டியிருக்கிறது என்று கஷாயம் வைத்துக் குடிப்போம்!

காரணங்களில் ரோக்கோவுக்குத்தான், அதாவது சிகரெட்டுக்குத்தான், முதலிடம், அதில் சந்தேகமே வேண்டாம். புகையிலுள்ள பென்சோபைரீன் போன்றவை டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு, செல் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் பி53 மரபணுவைக் கெடுக்கின்றன. அதற்காக, "நான் ரோக்கோவத் தொட்டதே இல்லையே" என்று சொல்லும் அக்காமார்களை விட்டுவிட முடியாது. அடுத்தவர் விடும் புகை, டீசல் புகை, அசுத்தக் காற்று எல்லாமே இந்த நோய்க்குக் காரணமாகலாம். புகைக்காத ஆசியப் பெண்களிடம் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வரும் வகை அதிகம். அந்த மாற்றத்தால் "பெருகு" என்ற கட்டளை செல்லுக்குள் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். ஜெஃபிடினிப் போன்ற மாத்திரைகள் அந்தக் கட்டளையைத் தடுக்கின்றன. பலருக்குக் கட்டி சுருங்கியும் விடுகிறது. இந்த மாத்திரை யாருக்குப் பொருந்தும் என்பதைக் கட்டியின் திசுவிலோ இரத்தத்திலோ செய்யும் மரபணுச் சோதனைதான் சொல்லும்.