சங்கத்தில் சேரலாமா? படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே யாராவது சங்கப் படிவத்தை நீட்டுவார்கள். "எல்லாரும் போட்டாச்சு, நீங்கதான் பாக்கி" என்பார்கள். அதற்காகவே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நிர்வாகத்துக்குப் பயந்து ஒதுங்கவும் வேண்டியதில்லை.

1948-ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம், தொழிற்சங்கம் அமைப்பதும் அதில் சேர்வதும் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது (பிரிவு 23). எந்த அமைப்பிலும் யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது (பிரிவு 20).

நடைமுறையில் அதிகம் உதவுவது, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 98-ஆம் உடன்படிக்கை (1949). சங்கத்தில் சேரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்று சொல்லக் கூடாது. உறுப்பினர் என்பதற்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சங்க வேலைக்கு இந்தப் பாதுகாப்பு, பணி நேரத்துக்கு வெளியேதான். பணி நேரத்தில் செய்தால் முதலாளியின் சம்மதம் வேண்டும். மெஷினை ஓடவிட்டு நோட்டீஸ் கொடுக்கப் போனால் இது துணைக்கு வராது. ராணுவம், போலீஸ் விஷயத்தை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டிருக்கிறார்கள். உடன்படிக்கையை ஏற்காத நாடுகளும் உண்டு என்பதால் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சேர்ந்தால் என்ன லாபம்? சம்பளப் பேச்சுவார்த்தையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சங்கம் கூட்டாகப் பேசி வாங்கும் உயர்வு, பல இடங்களில் உறுப்பினர் அல்லாதவருக்கும் கிடைத்துவிடுகிறது. என்னைக் கேட்டால், பெரிய லாபம் மெமோ வரும் நாளில்தான் தெரியும். விசாரணை அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நீங்கள் மட்டும். பதிலை எப்படி எழுதுவது, எந்த ஆவணத்தைக் கேட்டு வாங்குவது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதன் மதிப்பு அப்போதுதான் புரியும்.

செலவும் இருக்கிறது. மாதாமாதம் சந்தா. வேலைநிறுத்தம் என்றால் பெரும்பாலும் அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. உங்களுக்குப் பிடிக்காத முடிவானாலும் கூட்டத்தோடு நிற்கச் சொல்வார்கள். சட்டம் தடுத்தாலும், 'நிர்வாகக் காரணம்' என்ற பெயரில் மாறுதல் உத்தரவு வரலாம். அதைப் பழிவாங்கல் என்று நிரூபிக்க மாதங்கள் ஆகும்.

அதனால் சங்கம் நல்லதா கெட்டதா என்று பொதுவாக யோசிப்பதைவிட, இந்தச் சங்கம் எப்படி என்று விசாரியுங்கள். கடைசியாகத் தேர்தல் எப்போது நடந்தது? வரவு செலவுக் கணக்கைக் காட்டுவார்களா? நிர்வாகமே பணம் கொடுத்து வளர்க்கிற சங்கமா? அப்படி வளர்ப்பதையும் அதே 98 தடுக்கிறது.

விலகும் வழியையும் இப்போதே கேட்டுவிடுங்கள். சந்தா சம்பளத்தில் பிடித்தம் ஆகிறது என்றால், விலகல் கடிதத்தின் நகலைச் சம்பளப் பிரிவிலும் கொடுத்துத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சங்கத்தை விட்ட பிறகும் பிடித்தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.